இசைமுரசின் இரு குரல்கள்: கல்முனைக் கரையில் நாகூர் ஹனிபா நினைவு

1

ஒரு பாடகர் மறைந்த பின்னர் அவருடைய இரசிகர்கள் எவற்றை நினைவிற் கொள்கிறார்கள், எவற்றை மறந்துவிடுகிறார்கள் என்னும் வினா இசையைப் பற்றியது மாத்திரமன்று. நினைவு என்பது ஒரு தெரிவு. அத்தெரிவின் பின்னால், நினைவுகூரும் சமூகத்தின் தேவைகளும் அச்சங்களும் தொழிற்படுகின்றன. 1981 ஆம் ஆண்டு மே மாதத்திற் காலமான ஜமேக்கப் பாடகர் பொப் மார்லியின் கதை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அடிமைத்தளையையும் குடியேற்ற ஆதிக்கத்தையும் சாடிப் பாடிய அவர், 1984 இல் வெளியிடப்பட்ட 'லெஜன்ட்' என்னும் தொகுப்பின் மூலமே உலகெங்கும் பெருந்தொகையினரைச் சென்றடைந்தார். அத்தொகுப்பிற் காதலும் ஆறுதலும் மேலோங்கி நின்றன. போர்க்குணம் பெரிதும் பின்தள்ளப்பட்டது. பல இரசிகர்கள் இன்று நினைவுகூர்வது அந்தப் பாதி மார்லியையே.

இத்தகையதொரு பாதி நினைவு நமக்கு மிக அண்மையிலும் உண்டு. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆந் திகதி இராமநாதபுரத்திற் பிறந்து, நாகூரில் வாழ்ந்து, 2015 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆந் திகதி சென்னையிற் காலமானார். நாகூரில் அடக்கஞ் செய்யப்பட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் செவியை ஆண்ட குரல் அவருடையது. ஜனரஞ்சக இசையுலகின் பெரும் பாடகருக்குரிய மதிப்பும் மயக்கமும் அவரைச் சூழ்ந்திருந்தன. அம்பாறை மாவட்டக் கடற்கரையில், மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை தொடரும் முஸ்லிம் ஊர்களில் அவரை நினைவுகூராத முதியவரைக் காண்பது அரிது. அவ்வாறு நினைவுகூரப்படுபவர் எந்த ஹனிபா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2

கல்முனைக்கும் நாகூருக்கும் இடையிலுள்ள உறவு ஹனிபாவுடன் தொடங்கியதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல், நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது. அவரது உடல் அங்கு இல்லை. அவரது பெயரே அங்குள்ளது. நாகூரிற் கந்தூரி நிகழும் அதே ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கும் ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகின்றது. கடலுக்கு அப்பாலுள்ள ஊரொன்றைத் தன் கரையிலேயே இருத்திக்கொண்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு, அவ்வூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பாடகர் ஒருவர் அந்நியராகத் தோன்றியிருக்க இயலாது.

இக்குரல் விழுந்த நிலமும் வெறுநிலமாக இருக்கவில்லை. வயலிலும் வாடியிலும் வழங்கிய நாட்டார் கவிகள், பெண்களின் குரவை, நோன்பு காலத்தில் ஸஹர் வேளையில் பாவாமார் றபான் அடித்து வீதி வழியே பாடிச் சென்ற பைத்துகள், மௌலூது, ராத்திபு என ஒலியால் நிறைந்த பண்பாடொன்று இப்பிரதேசத்தில் இருந்தது. ஏட்டு மரபும் இங்கு வலுவானதே. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடொன்று 1966 ஆம் ஆண்டிலேயே மருதமுனை என்னும் நெசவாளர் ஊரிற் கூடியமை அதற்குச் சான்றாகும்.

ஹனிபாவின் குரல் இங்கு வந்து சேர்ந்த வழிகள் மூன்று. முதலாவது இசைத்தட்டும் அதனைச் சுழலவிட்ட ஒலிபெருக்கியும். இரண்டாவது வானொலி, குறிப்பாக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் நிகழ்ச்சி. மூன்றாவது, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஒலிநாடா. இலங்கைக்கு அவர் வந்து பாடியதுண்டு. எனினும் அவரை மேடையிற் கண்டவர்களிலும், தென்னை மரத்திற் கட்டப்பட்ட குழல் ஒலிபெருக்கியிற் கேட்டவர்களே இக்கரையில் மிகப் பலர். ஆகவே இங்குள்ள இரசிகர்களின் நினைவிற் பாடகரின் உருவத்தைவிடப் பாட்டு ஒலித்த இடமே முந்தி வருகிறது. எந்தக் கலியாண வீடு, எந்தச் சுன்னத்துக் கலியாணம், எந்த நோன்புப் பெருநாளின் காலைப்பொழுது என்று இடத்தையும் நேரத்தையும் கூறிய பின்னரே அவர்கள் பாட்டைக் கூறுவர். மேடையைக் கண்டவர்களும் பெரும்பாலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வர்: தொப்பியணிந்த அந்த மனிதர் வாயைத் திறந்ததும் ஒலிவாங்கி அவருக்குத் தேவைதானா என்று தோன்றியதாம்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மேடை ஆண்களுக்குரியதாக இருந்தது; ஒலிபெருக்கி அவ்வாறிருக்கவில்லை. வேலிக்கு அப்பால், வளவுக்குள், அடுப்படியில் இருந்த பெண்களின் செவிக்கும் அதே கணத்தில் அதே பாட்டுச் சென்றது. படிக்கத் தெரிந்தவர் படிக்க மற்றவர் கேட்ட சீறாப்புராணம் போலன்றி, விளக்குவார் ஒருவரை வேண்டாத தமிழில் அது அமைந்திருந்தது. ஊரின் எல்லைக்குள்ளும் அது அடங்கவில்லை. இக்கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றைவிட்டொன்றாக அடுத்தடுத்து அமைந்தவை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு. மருதமுனைக்குத் தெற்கே பாண்டிருப்பு. கோயில் ஒலிபெருக்கியிலிருந்து சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் இப்புறம் வந்தனர். கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலிருந்து ஹனிபா அப்புறம் சென்றார். அவ்வாறு கேட்டது இருபுறத்தாரும் திட்டமிட்டுச் செய்த ஒற்றுமைப் பணியன்று. காற்று வாக்கில் நிகழ்ந்த அண்டைமை அது.

3

ஹனிபாவின் கலையை மதிப்பிடுமிடத்து, அவர் முறையான சங்கீதப் பயிற்சி பெற்றவரல்லர் என்பதை முதலிற் கூறிவிடுவது நன்று. இராக ஆலாபனையின் நுட்பங்களை அவரிடம் தேடுவோர் ஏமாற்றமடைவர். அவரது வலிமை வேறிடங்களில் உள்ளது. தாளம் தொடங்குமுன் உச்சத்திற் குரலை நிறுத்தி எடுக்கும் தொகையறா. சொல்லின் இறுதி நெடிலை மூச்சு முடியும்வரை நீட்டிப் பின் சட்டென வெட்டும் முறை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஓரெழுத்தும் மழுங்காத உச்சரிப்பு. பெருங் கூட்டத்தின் கடைசி வரிசைக்குச் சொல் சென்றடைய வேண்டும் என்ற கட்டாயத்தில் வளர்ந்த குரல் இது. கச்சேரி மண்டபத்தின் நுண்மையை அது நாடவில்லை. பொதுக்கூட்டத் திடலே அதன் பயிற்சிக்கூடமாக இருந்தது.

இதனைப் பாடலின் மொழியமைப்பிலும் காணலாம். தமிழ் இஸ்லாமிய மரபில் முனாஜாத்து என்னும் வடிவம் உண்டு. இறைவனை நோக்கி அடியான் தனித்து நின்று இரப்பது அது. 'நான்', 'நீ' என்னும் இரு இடங்களுக்குள் அது அடங்கும். குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களில் இவ்வுறவு காதலின் தீவிரத்தையே அடைந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் ஹனிபாவின் புகழ்பெற்ற பாடலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அது இறைவனை விளிக்கவில்லை, மக்களை விளிக்கின்றது. ஏவற்பன்மையில் அமைந்த அவ்வினைமுற்று, மேடையில் நின்று கூட்டத்தை நோக்கிப் பேசுபவனுக்குரியது. 'அல்லாஹ்' என்னும் சொல்லுக்குப் பதிலாக 'இறைவன்' என்னும் பொதுச்சொல் நிற்கின்றது. கேட்பவர் எச்சமயத்தவராயினும் தம்மை அழைப்பதாகவே கொள்ளக்கூடிய தொடர் இது. அப்பாடல் சமய எல்லைகளைக் கடந்து விரும்பப்பட்டதற்குப் பாடகரின் நல்லெண்ணம் மாத்திரம் காரணமன்று. அதன் இலக்கணமும் காரணமாகும்.

அவர் பாடியவை யாவும் இத்தன்மையன அல்ல. நபிகள் நாயகத்தின் வரலாற்றுச் சம்பவங்களை எடுத்துரைப்பவை உண்டு. நாகூர் ஆண்டகையைப் போற்றுபவை உண்டு. நேரான இரப்பும் உண்டு. ஆயினும் அவற்றிலும் பாடகர் தனியன் அல்லர். கூட்டத்தின் முன்னே நின்று, கூட்டத்தின் சார்பிலும் கூட்டத்தை நோக்கியும் குரல் கொடுப்பவராகவே அவர் ஒலிக்கின்றார். முனாஜாத்தின் தனிமை மேடையின் பன்மையாக மாறியதே தமிழ் இஸ்லாமியப் பாடலுக்கு ஹனிபாவின் காலம் கொண்டுவந்த முதன்மையான மாற்றம் எனலாம்.

4

இந்த மேடைப் பன்மை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காணுமிடத்தே நினைவின் மறுபாதி தேவைப்படுகிறது. ஹனிபா இளமை முதலே திராவிட இயக்கத்தைச் சேர்ந்தவர். பெரியார், அண்ணா ஆகியோரின் கூட்டங்களிற் பேச்சுக்கு முன்னர் கூட்டத்தைத் திரட்டிய குரல் அவருடையது. 1953 இல் நிகழ்ந்த கல்லக்குடிப் போராட்டத்தில் மு. கருணாநிதி வகித்த பங்கைப் போற்றியும், அண்ணாவின் அழைப்பை அறிவித்தும், கழகத்தின் சின்னமாகிய உதயசூரியனைப் பாடியும் அவர் அளித்த பாடல்கள் தேர்தல் களங்களில் ஒலித்தன. பின்னாளில் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அவர் இருந்தார். 'பாவமன்னிப்பு' (1961) திரைப்படத்தில் சௌந்தரராஜனுடன் இணைந்து பெருநாட் பாடலொன்றைப் பாடியதும் இதே குரலே.

'இசைமுரசு' என்னும் பட்டமும் இதனையே சுட்டுகிறது. முரசு அரசனின் ஆணையையும் போரையும் வெற்றியையும் ஊருக்கு அறிவிக்கும் கருவி. சங்கச் செய்யுளிலிருந்து அச்சொல்லை மீட்டுத் தன் அரசியல் மொழியில் வழங்கியது திராவிட இயக்கம். கருணாநிதி நடத்திய ஏட்டின் பெயர் 'முரசொலி' என்பதை இங்கு நினைக்கலாம். கல்முனையின் இரசிகர் 'இசைமுரசு' என்று அன்போடு சொல்லும் ஒவ்வொரு முறையும், தாம் மறந்துவிட்ட பாதியின் பெயரையே சொல்கின்றனர்.

அப்பாதி இங்கு ஏன் மறக்கப்பட்டது? அயல்நாட்டுக் கட்சியின் பாடல் நமக்கெதற்கு என்பது எளிய விடை. அவ்விடை முழுமையானதன்று. ஹனிபாவின் வாழ்வில் 'தமிழன்', 'முஸ்லிம்' என்னும் இரு சொற்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. காலையிற் கந்தூரியிலும் மாலையிற் கழகக் கூட்டத்திலும் ஒரே தமிழை ஒரே உரிமையோடு அவராற் பாட முடிந்தது. இலங்கையில் வரலாறு வேறு வழியிற் சென்றது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வாதிட்டார். அரசியற் பிரதிநிதித்துவத்தைப் பங்கிடும் வேளையில் எழுந்த அவ்வாதத்தை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூல் எழுதி மறுத்தார். அன்று முதல், தமிழைத் தாய்மொழியாகப் பேசுதல் வேறு, தமிழராயிருத்தல் வேறு என்னும் நிலைப்பாடு முஸ்லிம்களிடையே படிப்படியாக வலுப்பெற்றது. 1985 இற் கரையோர ஊர்களில் நிகழ்ந்த மோதல்களும், 1990 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டமையும், அதே ஆண்டில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டமையும், வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமையும் அப்பிளவை இரத்தத்தால் எழுதின. ஒருவர் வீட்டு ஒலிபெருக்கியை மற்றவர் ஊர் கேட்டிருந்த பழைய அண்டைமை அச்சத்தினாற் குலைந்தது.

இத்தகைய சூழலில், தமிழின் பெயரால் முழங்கிய ஹனிபாவைக் கைவிட்டுத் தீனின் பெயரால் உருகிய ஹனிபாவை மாத்திரம் வைத்துக்கொள்வது ஒரு சமூகத்தின் தற்காப்பு எனக் கொள்ளலாம். அதனைக் குறை கூறுவது எளிது, விளங்கிக்கொள்வதே வேண்டற்பாலது. ஆயினும் தற்காப்பு உண்மையாகிவிடாது. உருகிய குரலுக்கு உடலைத் தந்தது முழங்கிய மேடையே. ஒன்றை நீக்கினால் மற்றதன் கலையை விளக்க இயலாது.

5

இவ்விடத்தில் இரு திசைகளிலிருந்து ஆட்சேபங்கள் எழக்கூடும்.

ஒன்று சமயச் சீர்திருத்தக்காரருடையது. இசைக்கருவி மார்க்கத்திற்கு உகந்ததன்று. வலிமாரைப் போற்றும் பாடல் இறைமைக்கு இணைவைப்பதாகும் என்பது அவர்களின் வாதம். எண்பதுகளிலிருந்து இவ்வாதம் கிழக்கில் வலுப்பெற்றுவந்துள்ளது. மௌலூதும் கந்தூரியும் கேள்விக்குள்ளாயின; பல கலியாண வீடுகள் பாட்டின்றி நடக்கின்றன. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இலக்கிய விமர்சகனின் பணியன்று. ஆயினும் அவன் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். நபி வரலாற்றையும் ஈகையின் கடமையையும் மறுமையின் அச்சத்தையும் எழுத்தறியாத பெண்களுக்கும் மீனவர்க்கும் நெசவாளர்க்கும் தாய்மொழியில் எடுத்துச் சென்ற வழிகளுள் இப்பாடல் முதன்மையானது. அதனை விலக்குவோர், அது ஆற்றிய பணியை எதனைக் கொண்டு ஆற்றுவர் என்ற கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மற்றது நம்மைப் போன்றோருடையது. முற்போக்கு விமர்சனம் நாட்டார் பாடலை மதித்தது. அதில் உழைப்பவனின் குரலைக் கண்டது. ஒலிபெருக்கிப் பாடலையோ அது வணிகப் பண்டமென்றும் பக்தி மயக்கமென்றும் ஒதுக்கியது. இவ்வொதுக்கலில் உண்மை ஒருபகுதி உண்டு. ஹனிபா பாடியவற்றிற் சில மெட்டுக்கள் திரையிசையின் நிழலில் ஒதுங்குபவை. சில பாடல்கள் புகழ்மொழிகளின் அடுக்காகவே முடிந்துவிடுபவை. வறுமையை இறைவனிடம் முறையிடும் பாடல், வறுமையின் காரணத்தை வினவுவதில்லை. எனினும் அந்த வறுமையைப் பொதுவிடத்தில் உரத்துச் சொல்லும் உரிமையை அது கேட்போர்க்கு வழங்கியது. களத்துமேட்டில் வாய்வழி வந்த கவியை ஏற்று, அதே மனிதன் அந்தியில் ஒலிபெருக்கியிற் கேட்டுக் கண்கலங்கிய பாட்டை நிராகரிப்பதானால், நாம் மதித்தது அம்மனிதனையா, நம் மனத்திலிருந்த அவனது உருவத்தையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரசிகர்களின் நினைவின் மீதும் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. அது குரலை வைத்துக்கொண்டு சொல்லை இயற்றியவரை இழந்துவிட்டது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் ஆகியோர் ஹனிபாவுக்காகப் பாடல் எழுதியவர்கள். அப்பாடல்களை முழுமையாகச் சொல்லக்கூடியவருட் பலர் இவ்விருவர் பெயரையும் அறியார். அனைத்தும் 'ஹனிபா பாட்டு' என்றே வழங்குகின்றது. இது ஹனிபாவின் குற்றமன்று. ஒலித்தட்டுப் பண்பாட்டின் இயல்பு. குணங்குடியாரையும் உமறுப்புலவரையும் ஆசிரியர் பெயர் கொண்டே அறிந்த இலக்கிய வரலாறு, அவர்களின் வழிவந்த இருபதாம் நூற்றாண்டுப் பாடலாசிரியரைப் பாடகரின் பெயருக்குள் புதைத்துவிட இடமளிக்கலாகாது. பாடகரை வியக்கும் இரசிகமனம் இயல்பாகச் செய்யத் தவறும் இப்பணி ஆய்வாளர்க்குரியது.

6

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி எழுந்த கடற்பேரலை இக்கரையின் வீடுகளையும் வீட்டுப் பொருள்களையும் வாரிச் சென்றது. ஒலிநாடாவும் இசைத்தட்டும் வைத்திருந்த அலுமாரிகளும் அவற்றுள் அடங்கும். இன்று அப்பாடல்களை எவரும் கைத்தொலைபேசியிற் கேட்கலாம். பாடல் அழிந்துவிடவில்லை. ஊர் கூடிக் கேட்ட அந்தக் கேள்வியே குறைந்து வருகிறது. காதிற் சொருகிய கருவியில் ஒருவன் தனித்துக் கேட்கையில், மக்களை நோக்கி எழுந்த ஏவற்பன்மை ஒருமையாகச் சுருங்கிவிடுகிறது.

எனவே ஹனிபாவை நினைவுகூர்வது என்பது அவரது பாடல்களைத் திரும்ப ஒலிக்கச் செய்வதோடு அமையாது. அவற்றைக் கேட்ட முறையையும் பதிவுசெய்ய வேண்டும். எந்த ஊரில், எந்தச் சடங்கில், எவர் வீட்டு முற்றத்தில், எந்தப் பாட்டு முதலில் ஒலித்தது. வேலிக்கு அப்பாலிருந்த பெண்கள் எவற்றை மனனஞ் செய்தனர். அயலூர்த் தமிழர் எவற்றைக் கேட்டு முணுமுணுத்தனர். கழகப் பாடல்கள் இக்கரையில் எவர் செவிக்கேனும் எட்டினவா, எட்டின் அவை எவ்வாறு கொள்ளப்பட்டன என்பன கேட்டறியப்பட வேண்டியவை. ஒலிபெருக்கியை வாடகைக்கு விட்டு இசைத்தட்டைத் தெரிந்து சுழலவிட்டவர்களும், மூதாட்டியரும் இவற்றிற்கான சான்றாளர்கள். அவர்களின் வயது இப்பணிக்கு அதிக காலம் தராது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்க்கு இது காலடியிற் கிடக்கும் ஆய்வுப் பொருள்.

அவ்வாறு திரட்டப்படும் நினைவு இரசிகர்களுக்கு உவப்பளிக்கும் ஒரே ஹனிபாவை மாத்திரம் தராது. பள்ளிவாசல் முற்றத்திலும் கட்சித் திடலிலும் ஒரே தமிழிற் பாடிய ஒருவரை அது நம்முன் நிறுத்தும். தமிழும் இஸ்லாமும் ஒரு தொண்டையில் ஒருங்கிருக்க முடிந்தது என்பதை ஏற்பதால், இலங்கை முஸ்லிம்கள் தமக்கென வகுத்துக்கொண்ட தனித்துவம் குறைந்துவிடாது. அத்தனித்துவத்தை மறுத்து அவர்களைத் தம்முள் அடக்க முயன்ற தமிழ்த் தேசியத்தின் தவறும் நியாயமாகிவிடாது. இரு தரப்பாரும் ஒரு காலத்தில் ஒரே காற்றிற் கேட்ட குரல் ஒன்று இருந்தது என்பது மாத்திரம் வரலாற்றில் நிலைபெறும். பிளவுண்ட இக்கரைக்கு அவ்வளவு உண்மையேனும் தேவைப்படுகின்றது.